சுண்ணாம்புக் கோடும் என் தொடை எலும்பும்

ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் சோற்றில் கை வைத்தால் பினாயில் வாடை அடிக்கிறது. "நாத்தம் உங்க மூக்குல இருக்குது, சோத்துல இல்ல" என்கிறாள் என் மனைவி லூர்து. இருக்கலாம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எப்படி அடிபட்டுது?" என்று அதே கேள்வியைக் கேட்டு, அதே மாதிரி உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன், இனி வருகிறவர் கையில் கொடுத்துவிடலாம். இதில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. பஞ்சாயத்து போர்டில் மேஸ்திரி. தெருவிளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது, சாக்கடை வாருவது, ரோட்டுக் குழி அடைப்பது எல்லாவற்றுக்கும் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன் நான்தான். திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் போகிற ரோடு கோட்டை மலைப் பக்கமிருந்து சரிவாக இறங்கி எங்கள் ஊர் நடுவே போகிறது. ஒரு பக்கம் சந்தையும் போர்டு ஆபீசும். எதிர்ப் பக்கம் ஆஸ்பத்திரியும் மாதா கோயிலும். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் பஸ்ஸெல்லாம் கரி கேஸில் ஓட ஆரம்பித்தன. முதுகில் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு புகையைக் கக்கிக்கொண்டு வரும். அந்த வண்டி ஒருமுறை அணைந்துவிட்டால் லேசில் கிளம்பாது. அடுப்பு ஊதுகிற சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி டிரைவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் சரிவில் எவனும் பிரேக்கை மிதிக்கமாட்டான்.

சந்தை நாளில் இரண்டு பேர் அடிபட்ட பிறகு, சனங்கள் ரோட்டைத் தாண்ட ஒரு இடம் குறிக்கவேண்டும் என்று போர்டில் தீர்மானம் போட்டார்கள். வேலை என் தலையில் விழுந்தது. எங்கே குறிப்பது என்று பிரசிடெண்டைக் கேட்டேன். "நம்ம ஆபீஸ் வாசல்ல போடுய்யா. நான் நாற்காலில உக்காந்து பாத்தா தெரியணும்" என்றார். போட்டேன். ரோட்டுக்குக் குறுக்கே, ஆறடி இடைவெளி விட்டு, இரண்டு சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு நடுவில் சனங்கள் நடக்கவேண்டும், கோட்டுக்கு வரும்போது பஸ் மெதுவாகப் போகவேண்டும் என்று தண்டோரா போட்டோம். டிரைவர்களை வரிசையாக நிற்கவைத்து நானே சத்தம் போட்டேன். சந்தைக்குச் சந்தை புதுச் சுண்ணாம்பு அடித்தேன். அந்தக் கோட்டைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அப்படி ஒரு பெருமை. தூ, இப்போது நினைத்தால் என் மூஞ்சியிலேயே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கும் சந்தை நாள்தான். காலையில் கோடு அடித்து முடித்து அரை மணி ஆகியிருக்கும், சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. பிளீச்சிங் பவுடருக்கு டாக்டரிடம் கையெழுத்து வாங்க எதிர்ப்பக்கம் கிளம்பினேன். ரோட்டில் பாதி போயிருப்பேன். ஹாரன் சத்தம் கேட்டது, கரி வாடை அடித்தது, மட்கார்டு இடித்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். வலது பாதம் எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கால் என்று நம்பவே முடியவில்லை.

ஆஸ்பத்திரி கேட்டு பத்தடி தூரம். அங்கே போய்ச் சேர எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். கம்பவுண்டர் கேட்டிலேயே கையை நீட்டி மறித்தார்.

"பஸ் அடிச்ச கேசு. ஏட்டு வந்து எழுதாம உள்ள எடுத்துக்கினு போகக் கூடாது."

"யோவ், மேஸ்திரிய்யா! தெரியல?" என்றான் கட்டில் தூக்கினவன் ஒருத்தன்.

"யாரா இருந்தா இன்னா? அப்புறம் என் வேலைக்கு நீயா ஜவாப் சொல்லுவ?"

கேட்டு ஓரத்தில், நானே வாரச் சொல்லாமல் விட்ட சாக்கடைப் பக்கத்தில், ஈ மொய்க்கக் கிடந்தேன். சந்தைக்கு வந்த சனமெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தது. அதில் ஒருத்தன் வேர்க்கடலை தின்றுகொண்டே பார்த்தான், தொலி என்மேல் விழுந்தது.

ஏட்டு வந்தார். "எங்க நடந்துகினு இருந்தீங்க மேஸ்திரி?"

"கோட்டுக்கு நடுவுல."

"நல்லா தெரியுமா?"

"கோடு போட்டவனே நான். எனக்குத் தெரியாதா?"

பஸ் டிரைவர் கோவிந்தன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். முப்பது வயதிருக்கும். முகமெல்லாம் கரி. "இல்லங்க, கோடு தாண்டி இந்தாண்ட வந்துட்டேன், அப்புறந்தான் இவரு குறுக்க வந்தாரு. எம் புள்ளைங்க மேல சத்தியம்" என்றான். படுத்த வாக்கிலேயே அவன் பக்கம் காறித் துப்பினேன். ஏட்டு எழுதிக்கொண்டார், நான் கையெழுத்துப் போட்டேன். கோவிந்தனின் லைசென்ஸை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், ஊருக்குப் புதிது. என் கட்டைவிரலைக் கிள்ளி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார், இரண்டு காலையும் டேப் வைத்து அளந்தார். வலது கால் மூன்று விரல்கடை குட்டையாகிவிட்டது என்றார். தொடை எலும்பு நடுவில் ஒடிந்திருக்கிறது. தொடைச் சதை சும்மா இருக்காதாம், ஒடிந்த இரண்டு துண்டையும் இழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடுமாம். அப்படியே கூடினால் ஆயுசுக்கும் நொண்டிதான். எக்ஸ்ரே படம் எடுக்கக் கடலூர் போகவேண்டும், ஆனால் அந்த ரோட்டுக் குலுக்கலில் எலும்பு முனை ரத்தக் குழாயைக் கிழித்தாலும் கிழிக்கும். "இங்கேயே இழுத்துக் கட்டிப் பார்க்கலாம். எட்டு வாரம் மல்லாந்து கிடக்கணும்" என்றார்.

"நடப்பேனா?" என்று கேட்டேன்.

"இப்போ சொல்லமுடியாது" என்றார். பொய் சொல்லத் தெரியாத டாக்டர். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

மயக்க மருந்தைத் துணியில் நனைத்து மூக்கில் வைத்தார்கள். அழுகிப்போன பழம் மாதிரி ஒரு இனிப்பு வாடை. விழித்தபோது சட்டையெல்லாம் வாந்தி. காலின் இரு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டி, அதிலே கயிறு கட்டி, கட்டில் கால்மாட்டில் ஒரு ராட்டினத்தின்மேல் விட்டு, கயிற்று முனையில் செங்கல் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பாரம் இரவும் பகலும் காலை இழுத்துக்கொண்டே இருந்தால் எலும்புத் துண்டுகள் நேருக்கு நேர் வந்து நிற்கும். அதுதான் வைத்தியம். ராட்டினம் ஆஸ்பத்திரிக் கிணற்றில் கழற்றியது. நான் கொஞ்சம் அசைந்தாலும் கிறீச்சென்று தண்ணீர் சேந்துகிற சத்தம் போடும்.

அந்த வார்டைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனில்லை. ஆறு கட்டில், ஆறிலும் மூட்டைப்பூச்சி. கட்டில் காலுக்குக் கீழே தகர டப்பாவில் மண்ணெண்ணெய் வைத்தார்கள், எறும்பு செத்தது, மூட்டைப்பூச்சி கூரையிலிருந்து குதித்தது. மலம் கழிக்க ஒரு பீங்கான் தட்டு. விளிம்பு உடைந்தது. ஆளைக் கூப்பிட்டால் அதைக் கொண்டுவர ஒரு மணி, எடுத்துப்போக இரண்டு மணி. ஊருக்கெல்லாம் சாக்கடை வாரவைத்த நான், என் கழிவின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு கஞ்சி குடித்தேன். மூன்றாம் வாரம் முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, தோல் வெந்து கழன்றது. படுக்கைப்புண் என்றார்கள். உடம்பின் பாரம் ஒரே இடத்தை அழுத்தினால் ரத்தம் ஓடாமல் தோல் செத்துவிடுமாம். உயிரோடிருக்கும்போதே அழுகுவதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லூர்து மட்டும் இல்லையென்றால் அங்கேயே முடிந்திருப்பேன். காலையும் மாலையும் வருவாள். கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவருவாள். யாரும் கேட்காமலே எலுமிச்சை இலையைக் கசக்கி என் மூக்கடியில் வைப்பாள். கட்டுக்குள்ளே நமைச்சல் எடுக்கும்போது விளக்குமாற்றுக் குச்சியை நைசாக உள்ளே விட்டுச் சொறிந்துவிடுவாள். அந்தச் சுகம் மோட்சத்தில்கூட இருக்காது. நான் கத்தினால் கத்தி முடிக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, "ஆச்சா? வாயத் தொறங்க" என்று கூழை ஊட்டுவாள். ஆனால் கோவிந்தனைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் மட்டும் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

என் கட்டிலுக்கு நேரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேரே ரோடு, ரோட்டில் என் கோடு. எட்டு வாரம் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட அந்தக் கோட்டுக்குள் நடக்கவில்லை. நேரே கோட்டை நோக்கி வருவான், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்று, அப்படியே ஒதுங்கி, பக்கத்திலேயே ரோட்டைத் தாண்டுவான். தலையில் கூடை வைத்த பொம்பிளைகள் கோட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவன் மாட்டைக்கூட இழுத்து ஒதுக்கினான்.

"நாசமாப்போற சனங்க! ஆறடி அகலத்துக்குக் கண்ணெதிர்ல போட்டு வச்சிருக்குது, குருட்டுப் பயலுவோ!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

பக்கத்துக் கட்டிலில் சிங்கவரத்து ஏகாம்பரம் இருந்தார். மணிலாக் கொட்டை பயிர் வைக்கிறவர். மாடு மிதித்துப் பாதம் பழுத்து வந்திருந்தார். அவர் சிரித்தார்.

"இன்னாத்துக்கு மேஸ்திரி சனங்களத் திட்றீங்க? நானே அத மிதிக்கமாட்டேன்."

"ஏன்? கடிக்குமா?"

"ரெண்டு வருஷம் முன்ன வாந்திபேதி வந்துதே, மறந்துட்டீங்களா? எங்க ஊரு முனையில, சந்தைத் தெருவுல, எங்கெங்க சாவு விழுந்துதோ அங்கெல்லாம் இதே சுண்ணாம்புலதான் கோடு போட்டாங்க. போட்டது யாரு? நீங்கதான். கையில தடி வச்சிக்கினு நின்னு இன்னா சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவரே சொன்னார்.

"'எவனாச்சும் கோட்டத் தாண்டுனீங்க, கால ஒடிச்சிப்புடுவேன்'னு சொன்னீங்க. எம் மருமவ அந்தக் கோட்டுக்கு உள்ள கெடந்துதான் செத்தா. நாங்க வெளிய நின்னு பாத்தோம். அதே சுண்ணாம்பு, அதே கோடு, அதே மேஸ்திரி. இப்ப வந்து நடு கோட்டுல நடங்கடான்னா எவன் கால் வைப்பான்?"

தண்டோராவில் நடக்கச் சொன்னோமே என்றேன். "தண்டோரா காதுக்கு. கோடு காலுக்கு. கால் பயந்தது பயந்ததுதான்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கூழ் ஆறிப்போயிருக்கிறது என்று லூர்துமேல் காட்டினேன்.

அதற்குப் பிறகு வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். பஸ்காரர்கள் நான் கத்தினதற்காகக் கோட்டில் மெதுவாக வந்தார்கள். கோடு தாண்டின மறு நிமிஷமே, வண்டி அணைந்துவிடப்போகிறதே என்ற பயத்தில் ஒரே விரட்டு விரட்டினார்கள். சனங்களோ கோட்டுக்கு அடுத்தாற்போல், சரியாக அந்த விரட்டுகிற இடத்தில் தாண்டினார்கள். நான் கோடு போடாமல் இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். ஒருத்தனையும் காப்பாற்றாத கோடு, பஸ்ஸுக்கும் மனுஷனுக்கும் ஒரே இடத்தில் முகூர்த்தம் வைத்துக் கொடுத்திருந்தது.

அஞ்சலை என்று ஒருத்தி. சந்தை வாசலில் அவித்த கடலை விற்பாள். சின்ன வயசில் காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிப்போனவள். கக்கத்தில் கட்டை வைத்து நடப்பாள். கட்டை உராய்ந்து கக்கத்தில் ஆறாத புண். மருந்து கட்ட அவள் தினமும் ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். சாக்கடை ஓரம் ஒரு முழ உயரம். முதலில் கட்டையை இறக்கி, அப்புறம் உட்கார்ந்து, அப்புறம் நழுவி ரோட்டுக்கு வருவாள். கோட்டை ஒதுக்கிக் குதித்துக் குதித்து நடப்பாள். மற்றவர்கள் பத்து எட்டில் தாண்டுகிற ரோடு அவளுக்கு முப்பது எட்டு. அவள் பாதி வருவதற்குள் பஸ் சரிவில் தலைகாட்டிவிடும். தினமும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

ஐந்தாம் வாரம் ஒருநாள் அவள் கட்டை வழுக்கியது. கோட்டிலிருந்து இரண்டு கை தூரத்தில், நான் விழுந்த இடத்திலேயே விழுந்தாள். கோட்டைத் தாண்டி விரட்டின பஸ் கிறீச்சிட்டு அவள் கூடைமேல் ஏறி நின்றது. கடலை ரோடெல்லாம் சிதறியது. "ஐயோ! ஐயோ!" என்று நான் எழும்பப் போக, ராட்டினம் அலற, தொடைக்குள் நெருப்பு வைத்தாற்போல் வலி. கம்பவுண்டர் ஓடிவந்து என் தோளை அமுக்கிப் பிடித்தார். அஞ்சலைக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. கட்டுப் போட்டுக்கொண்டு போகும்போது ஜன்னல் பக்கம் நின்றாள்.

"மேஸ்திரி, உங்க காலு கூடுதா?"

"கூடிக்கினு வருது."

"கூடட்டும். எனக்கு இருக்கிறது ஒண்ணுதான். அதுவும் போயிட்டா இன்னா பண்ணுவேன்னு இன்னிக்கிதான் நெனச்சேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மறுபடி அந்த ரோட்டிலேயே இறங்கினாள்.

அன்று சாயங்காலம் லூர்து கூழ்ப் பானையோடு ஒரு துணிப் பொட்டலமும் கொண்டுவந்தாள். அவிழ்த்து என் மார்மேல் வைத்தாள். என் செருப்பு. அடிபட்ட அன்று போட்டிருந்தது.

"இத நான் தொடைக்கல, கழுவல. அன்னிக்கி எப்பிடி எடுத்துக்கினு போனேனோ அப்பிடியே இருக்குது. பாருங்க" என்றாள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில் புழுதி, ஓரத்தில் என் ரத்தம் காய்ந்த கறை. சுண்ணாம்பு ஒரு பொட்டுகூட இல்லை. அன்றைக்கு அந்தக் கோடு ஈரம். அதை மிதித்தவன் செருப்பு வெள்ளையாகாமல் இருக்காது.

"அந்தக் கோவிந்தன் பொண்டாட்டி ரெண்டு தரம் நம்ம வூட்டுக்கு வந்துட்டா. வாசல்ல நின்னு அழுவுறா. புருசன் கல்லு ஒடைக்கப் போறானாம். எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. நீங்க வலியில இருக்கீங்களேன்னு அஞ்சு வாரமா பேசாம இருந்தேன். இன்னிக்கி அந்தப் பொண்ணு வுழுந்தப்புறம் முடியல."

எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. கட்டிலில் கிடந்த முதல் நாளிலிருந்தே தெரியும் என்று நினைக்கிறேன். புதுச் சுண்ணாம்பு கலைந்துவிடுமே என்று நானே கோட்டை ஒதுக்கித்தான் நடந்தேன். அது மட்டுமா? வாந்திபேதிக் காலத்தில் மாதக்கணக்காக அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவன் நான். ஏகாம்பரம் கால் பயந்த மாதிரிதான் என் காலும் பயந்திருக்கிறது. கோடு போட்டவனே மிதிக்காத கோடு அது. அதைச் சொன்னால் கோடும் போகும், என் பெருமையும் போகும். சொல்லாவிட்டால் கோவிந்தன் பிழைப்பு போகும், நாளைக்கு அஞ்சலையும் போவாள். கோட்டுக்குள் நடந்தவனை டிரைவர்தான் இடித்தான் என்று போலீஸ் புத்தகத்தில் இருக்கும்வரை, கோடு நல்ல கோடு என்றுதான் போர்டு சொல்லும். அந்த நிமிஷம் என்மேல் எனக்கு வந்த அருவருப்புக்கு முன்னால் பீங்கான் தட்டு வாடையெல்லாம் ஒன்றுமே இல்லை. லூர்து முன்னால் அழுதேன். அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் ஏட்டை வரவழைத்தேன்.

"மாத்தி எழுதுனா பொய் வாக்குமூலம்னு உங்க மேல கேசு திரும்பும், மேஸ்திரி. யோசிச்சிக்கோங்க" என்றார்.

"திரும்பட்டும். கோட்டுக்கு வெளியதான் நடந்தேன். ரெண்டு கை தூரம். இந்தாங்க செருப்பு."

விஷயம் தெரிந்து பிரசிடெண்ட் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வார்டு வாசலிலேயே நின்றார். "போர்டு மானத்தையே வாங்கிட்டியேய்யா! ஆஸ்பத்திரியில படுத்துக்கினு வேண்டாத வேலை உனக்கு எதுக்கு?" என்றார். என்னை ஒரு மாதம் சஸ்பெண்டு செய்வதாகச் சொன்னார். காலில் செங்கல் மூட்டையைத் தொங்கவிட்டுக் கிடப்பவனை எங்கிருந்து சஸ்பெண்டு செய்வார் என்று கேட்டேன். ஏகாம்பரம் போர்வைக்குள் சிரித்தார்.

மிச்ச வாரமெல்லாம் அதே ஜன்னலில் வேறு வேலை பார்த்தேன். டாக்டரிடம் காய்ச்சல் குறிக்கிற தாளும் பென்சிலும் வாங்கி, அதன் பின்பக்கத்தில் ரோட்டை வரைந்தேன். சனங்கள் கால் தானாக எங்கே போகிறது என்று பார்த்தேன். சந்தை வாசலிலிருந்து, கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற புளியமரத்து நிழலுக்கு, அங்கிருந்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு. பஸ்ஸும் அந்த மரத்தடியில் ஆள் ஏற்ற எப்படியும் நிற்கும். நிற்கிற இடத்தில் தாண்டவைக்காமல், ஓடுகிற இடத்தில் தாண்டவைத்திருக்கிறேன். எதற்கு? ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க! சீ.

காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடிக்கலாமா என்று கேட்டதற்கு ஏகாம்பரம், "கோயில் மதில்னு செருப்பக் கழட்டி வச்சிட்டு நடு ரோட்டுல வுழுந்து கும்பிடுவான்" என்றார். சாயமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மலையில் கல்லுக்கா பஞ்சம்? ரோட்டுக்குக் குறுக்கே எட்டடி அகலத்துக்குக் கருங்கல் பலகை பதித்துவிட்டால் குருடனுக்கும் காலில் தெரியும், சக்கரம் ஏறினால் தடதடவென்று டிரைவருக்கும் தெரியும். சாக்கடை மேல் கல் மூடி, ஓரத்தைப் படியாக வைக்காமல் சரிவாக இறக்கவேண்டும். இரு பக்கமும் ஒரு கல் தூண் நட்டு ரோட்டைக் குறுக்கவேண்டும். புளியங்கிளை ஒன்று சரிவை மறைக்கிறது, அதை வெட்டவேண்டும். ஜன்னல் வழியாக அஞ்சலையைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன்.

"கல்ல வழவழன்னு இழைச்சிடாதீங்க, கட்ட வழுக்கும். கொத்திப் போடச் சொல்லுங்க" என்றாள். எந்த ஓவர்சியருக்கும் தோன்றியிருக்காது.

எட்டு வாரம் முடிந்து செங்கல்லை இறக்கினார்கள். டாக்டர் மறுபடி டேப் வைத்தார். ஒரு விரல்கடைதான் குட்டை. "நடப்பீங்க. கொஞ்சம் விந்தி விந்தி" என்றார். எலும்பு பாரம் தாங்க இன்னும் ஒரு மாதம் வைத்திருந்து, கக்கத்தில் கட்டை கொடுத்துப் பழக்கினார்கள். இரண்டே நாளில் என் கக்கம் புண்ணாயிற்று. வாசல் நிலைப்படி மூன்று விரல் உயரம், அதைத் தாண்ட நான் பட்ட பாட்டைக் கண்டு கம்பவுண்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் போலீஸ் காகிதம் மேலே போய், கோட்டுக்கு வெளியே ஏன் சனம் நடக்கிறது என்று ஜில்லா போர்டிலிருந்து கேள்வி வந்துவிட்டது. பிரசிடெண்டுக்கு வேறு வழியில்லை. என் தாளை வாங்கிக்கொண்டு போய்த் தன் யோசனை என்று சொல்லிக் கல் பதிக்க உத்தரவு போட்டார். போட்டுக்கொள்ளட்டும். ஆனால் நடுப் பலகையில் தன் பெயரைக் கொத்தச் சொன்னாராம், அதுதான் பொறுக்கவில்லை. கல் வேலைக்காரனை ஜன்னலுக்கு வரவழைத்தேன். "எழுத்த எவனும் மிதிக்கமாட்டான்யா. மறுபடி சுத்திக்கினு போவான். அந்தப் பலகையக் குப்புறப் போட்டுப் பதி" என்றேன். பெயர் மண்ணைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. அவருக்கு இன்றைக்கும் தெரியாது, இதைப் படித்தால்தான் தெரியும்.

டிஸ்சார்ஜ் நாளும் சந்தை நாளாக வந்தது. மாட்டு வண்டி கொண்டுவருகிறேன் என்று லூர்து சொன்னாள், வேண்டாம் என்றேன். கேட்டுக்கு வந்து புளியமரத்தடியில் நின்றேன். கல் பலகை வெயிலில் கிடந்தது. சனம் என்னைக் கவனிக்காமல் அதன்மேல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அதுவே எனக்குப் போதும். எதிர்ப்பக்கமிருந்து அஞ்சலை சரிவில் இறங்கி, உட்காராமல், நழுவாமல், கட்டையை டக் டக்கென்று ஊன்றிக்கொண்டு வந்தாள். அங்கே மேலே, ஆபீஸ் வாசலில், என் பழைய கோடு மழையில் பாதி அழிந்து அசிங்கமாகத் தெரிந்தது.

நான் கட்டையை முதல் கல்லில் ஊன்றினேன். வழுக்கவில்லை. அஞ்சலையின் முப்பது எட்டு ரோடு இப்போது எனக்கும் முப்பது எட்டு. பாதி போனபோது சரிவில் கரி வாடை அடித்தது. கால் நின்றுவிட்டது. லூர்து என் முழங்கையைப் பிடித்தாள். பஸ் மரத்தடிக்கு வந்து, முன் சக்கரம் கல்லைத் தொடுவதற்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. நின்றதும் எஞ்சின் அணைந்துபோயிற்று.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். கோவிந்தன். லைசென்ஸ் திரும்பி வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. பஸ் நிறைய சனம் கேட்க, நிதானமாகக் கேட்டான்.

"மேஸ்திரி, இன்னிக்கி எங்க நடந்துகினு இருக்கீங்க?"

கீழே குனிந்து இரண்டு காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"கல்லு மேலதாம்பா" என்றேன்.

"நல்லா தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், அடுப்புச் சக்கரத்தைச் சுற்றக் கீழே இறங்கிப் போனான்.